முயலின் இடத்தில் ஒரு தாய்: பிலிப் லெவினும் 1937-இல் நடந்த ஒரு ரத்தமேற்றலும்

1937, நியூயார்க். 25 வயதுப் பெண், இரண்டாவது கர்ப்பம். குழந்தை வயிற்றிலேயே இறந்து, சில காலம் உள்ளேயே கிடந்து, பிறகு பிறந்தது. ரத்தப்போக்கு இருந்ததால் ரத்தம் ஏற்றியாக வேண்டும். கணவர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்கும் ஓ பிரிவு, மனைவிக்கும் ஓ பிரிவு. அன்றைய கணக்கில் இதற்குமேல் பொருத்தம் பார்க்க ஒன்றும் கிடையாது. ஏற்றினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. காலிலும் தலையிலும் வலி. அப்புறம் சிறுநீர் ரத்த நிறத்தில் போனது. ஏற்றிய சிவப்பணுக்கள் நாளங்களுக்குள்ளேயே உடைந்து, அவற்றில் இருந்த ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். பிரிவு மாறி ஏற்றிவிட்டால் என்னென்ன வருமோ அத்தனையும் வந்தன. ஆனால் பிரிவு மாறவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் முதல் சந்தேகம் கைத்தவறின் மேல்தான் விழும். குழாய் மாறியிருக்கும், பெயரை மாற்றி எழுதியிருப்பார்கள், பிரிவைத் தப்பாகப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கவும் செய்யும். இந்தக் கேஸையும் அந்தக் கணக்கில் எழுதி மூடியிருக்கலாம். மூடாமல் போனதற்குக் காரணம், அந்தப் பெண்ணின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்) போய்ச் சேர்ந்த மேசை. நியூஜெர்சியில் நெவார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் பிலிப் லெவின்.

சோதனைக் குழாயில் தெரிந்தது

மனைவியின் சீரத்தில் கணவரின் சிவப்பணுக்களைக் கலந்தபோது அவை கொத்துக்கொத்தாகத் திரண்டன. பிரிவை மறுபடி பார்த்தாலும் இருவருக்கும் ஓ தான். ஒரே பிரிவுக்குள்ளேயே திரட்சி. சரி, இது இந்தக் கணவருக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் உண்டா? பொருத்தமான பிரிவைச் சேர்ந்த 104 பேரின் சிவப்பணுக்களோடு அந்தச் சீரத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருடைய அணுக்கள் திரண்டன. மீதிப் பேருடையவை சும்மா இருந்தன. அப்படிச் சும்மா இருந்த கொடையாளர்களின் ரத்தத்தை அந்தப் பெண்ணுக்கு ஏற்றியபோது தொந்தரவு எதுவும் வரவில்லை.

கணவரிடம் இருப்பது அவருக்கே உரிய அபூர்வம் இல்லை, ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது என்று இதிலிருந்து தெரிகிறது. இல்லாதவள் அந்தப் பெண்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி. குளிரில் மட்டும் வேலை செய்கிற ஆன்டிபாடிகள் (அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) பலருடைய சீரத்தில் உண்டு. மேசைமேல் அணுக்களைத் திரட்டிக் காட்டும், உடல் சூட்டில் சத்தமில்லாமல் அடங்கிவிடும். இது அந்த வகையா? இல்லை. 20 டிகிரியில் எப்படியோ அப்படியே 37 டிகிரியிலும் திரட்டியது. இரண்டாவது, சிவப்பணுவின் மேல் ஏற்கெனவே தெரிந்த எம், என், பி என்ற பொருள்களில் ஒன்றுக்கு எதிரானதா? அதுவும் இல்லை. எம் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் தன் போக்கில் திரட்டியது.

இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒரு மேதையின் கதையாகிவிடும். இப்படிப்பட்ட தாய்மாரில் பலருடைய ஆன்டிபாடி சாதாரண உப்புக் கரைசலில் அணுக்களைத் திரட்டாது. அணுவின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கிற சோதனை 1945-இல் கூம்ஸ், மௌரன்ட், ரேஸ் மூவரும் இங்கிலாந்தில் வெளியிட்ட பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்தது. 1937-இல் லெவினிடம் வந்த சீரம் நேரடியாகத் திரட்டுகிற ரகமாக அமைந்துவிட்டது. அமையாமல் போயிருந்தால் அவரும் குழாயைக் கழுவி வைத்திருப்பார்.

அந்த மேசைக்கு அவர் வந்த வழி

லெவின் 1900-இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த, மின்ஸ்க் பக்கத்துக் கிளெட்ஸ்க் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1923-இல் பட்டம். 1925-இல் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ரத்தப் பிரிவு என்று ஒன்று இருப்பதையே வியன்னாவில் இருந்தபோது கண்டு சொன்னவர் லாண்ட்ஸ்டைனர். 1930-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்டவரின் பக்கத்தில் ஏழு ஆண்டுகள்.

அங்கே இருவரும் செய்த முக்கியமான வேலை முயல்களோடு. ஏ, பி ஆகிய இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் மனிதர்களிடம் தாமாகவே இருக்கின்றன; ஏ இல்லாதவரின் சீரத்தில் ஏ-வுக்கு எதிரானது தயாராக இருக்கும். அதனால்தான் லாண்ட்ஸ்டைனரால் நண்பர்களின் ரத்தத்தைக் கலந்தே ஏபிஓ-வைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் சிவப்பணுவின் மேல் வேறு வேறுபாடுகள் இருந்து, அவற்றுக்கு எதிராக யாரிடமும் தயார் ஆன்டிபாடி இல்லையென்றால்? அவை இருப்பதே தெரியாது. எனவே மனித ரத்தத்தை முயலுக்கு ஊசியில் செலுத்தி, முயல் உண்டாக்குகிற ஆன்டிபாடியை எடுத்து, எல்லா மனிதருக்கும் பொதுவானவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதை வைத்து மனிதர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 1927-இல் எம், என், பி மூன்றும் வெளிவந்தன. (இந்தப் பி ஏபிஓ-வில் வருகிற பி அல்ல. ஆங்கில வரிசையில் ஓ-வுக்கு அடுத்த எழுத்து. நடுவில் ஓ-வை ஏன் தாண்டினார்கள் என்பது சொல்லாமலே புரியும். தமிழில் எழுதும்போது இந்த இரண்டு பி-க்களும் நம்மைப் படுத்துகின்றன.)

எம்மும் என்னும் மரபியலுக்கு மிக ஒழுங்கான எடுத்துக்காட்டுகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று; இரண்டும் ஒளியாமல் வெளியே தெரியும். தந்தைமை வழக்குகளுக்கு உதவின. ஆனால் ரத்தமேற்றலில் அவற்றால் பெரிய பிரச்சினை வரவில்லை. எனவே ஏபிஓ சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஆய்வுக்கூட வேடிக்கை என்ற எண்ணம் மருத்துவர்களிடம் படிந்துவிட்டது. 1932-இல் லெவின் ராக்கெஃபெல்லரை விட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் போனார். அங்கே பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ந்தார். 1935-இல் நெவார்க். பெரிய ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மருத்துவமனைக் கூடத்துக்கு வருவதை இறக்கம் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் நோயாளியின் சீரம் அங்கேதான் வரும்.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்கு அதற்கு முன் ரத்தம் ஏற்றியதில்லை. அப்படியானால் கணவரின் சிவப்பணுவுக்கு எதிரான ஆன்டிபாடி அவளுக்கு எப்படி வந்தது? தன்னிடம் இல்லாத ஒரு பொருள் உடலுக்குள் நுழைந்தால்தானே எதிர்ப்பு உண்டாகும்? முயல்களோடு ஏழு ஆண்டு கழித்தவருக்கு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. லெவின் சொன்ன விடை இதுதான்: கரு அந்தப் பொருளைத் தந்தையிடமிருந்து மரபாகப் பெற்றிருக்கிறது, கருவிலிருந்து அது தாயின் உடலுக்குள் போயிருக்கிறது, தாய் எதிர்ப்பு உண்டாக்கியிருக்கிறாள். கர்ப்பம்தான் ஊசி. முயல் நின்ற இடத்தில் தாய் நிற்கிறாள்.

லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1939 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. இரண்டே பக்கம். ஒரே பிரிவுக்குள் நேர்ந்த வழக்கத்துக்கு மாறான திரட்சி என்பதுதான் தலைப்பின் சாரம். ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுதிய அறிக்கைகளை இன்று ஆதாரப் படிக்கட்டின் அடியில் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் சில படிக்கட்டுகள் அடியிலிருந்துதான் தொடங்குகின்றன.

பெயர் வைக்காமல் விட்டது

அந்தப் புதிய பொருளுக்கு லெவின் பெயர் வைக்கவில்லை. ஏன் என்பதைப் பற்றி ஊகிக்கலாம், நான் ஊகிக்கவில்லை. விளைவு மட்டும் தெளிவு. 1940-இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயலுக்குச் செலுத்திக் கிடைத்த சீரம் நியூயார்க் மக்களில் 85 சதவீதத்தினரின் அணுக்களைத் திரட்டியது. குரங்கின் பெயரிலிருந்து ஆர்எச் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு வீனரும் பீட்டர்ஸும், பிரிவு பொருந்தியும் ரத்தமேற்றலில் கோளாறு வந்த நோயாளிகளிடம் இதே போன்ற ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். லெவினிடம் வந்த அந்தச் சீரத்தில் இருந்ததும் இதுவே என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். யார் கண்டுபிடித்தது என்ற சண்டை லெவினுக்கும் வீனருக்கும் இடையே பல பத்தாண்டுகள் நீண்டது. 1946-இல் லாஸ்கர் விருது மறைந்த லாண்ட்ஸ்டைனருக்கும் வீனருக்கும் லெவினுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதனாலும் சண்டை ஓயவில்லை.

சண்டையைவிடச் சுவையானது பின்னால் தெரிந்த உண்மை. முயல் உண்டாக்கிய ஆன்டிபாடியும் தாய்மார் உண்டாக்கிய ஆன்டிபாடியும் ஒன்றல்ல. 1942-லேயே ஒரு சின்ன விரிசல் தெரிந்தது. பிறந்த குழந்தைகளின் அணுக்கள், ஆர்எச் நெகட்டிவாக இருந்தாலும், விலங்குச் சீரத்தில் திரண்டன. 1960-களின் தொடக்கத்தில் லெவினின் குழு இதை முறையாகப் பிரித்துக் காட்டியது. குரங்கு அணுக்கள் எழுப்பிய ஆன்டிபாடி வேறொரு ஆன்டிஜெனை (ஆன்டிபாடி போய்ப் பிடிக்கிற பொருளை) பிடிக்கிறது. ஆர்எச் பாசிட்டிவ் பெரியவர்களிடம் அது அதிகமாக இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கிறது. அதாவது, ஆர்எச் என்ற பெயருக்கு உண்மையில் உரியது வேறு ஒன்று. ஆனால் அதற்குள் உலகம் முழுக்க ரத்தப் பைகளில் அந்தப் பெயர் அச்சாகிவிட்டது. எனவே தாய்மாரின் ஆன்டிபாடிக்கு உரிய ஆன்டிஜெனுக்கு ஆர்எச் பெயரை அப்படியே விட்டுவிட்டு, குரங்குச் சீரம் பிடித்ததற்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. லெவின் முன்வைத்த பெயர் எல்டபிள்யூ: லாண்ட்ஸ்டைனர், வீனர் ஆகியோரின் முதல் எழுத்துகள். வாழ்நாள் முழுக்கத் தன்னோடு மோதியவருக்கு அவர் செய்த மரியாதையா, நீங்கள் கண்டது இதைத்தான் என்ற குத்தலா? இரண்டும் கலந்தது என்பது என் வாசிப்பு.

இறந்த குழந்தையின் பக்கம்

1939 அறிக்கையில் கவனம் தாயின்மேல்தான் இருந்தது. குழந்தை ஏன் இறந்தது என்ற கேள்வி அடுத்தது.

சிசுக்களுக்கு வரும் மூன்று கேடுகள், அதாவது உடல் முழுக்க நீர்கோத்துப் பிறப்பது, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வருவது, கடும் ரத்தசோகை, மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று பாஸ்டனில் டயமண்டும் சகாக்களும் 1932-இல் சொல்லியிருந்தார்கள். சிவப்பணுக்கள் வேகமாக அழிய, எலும்பு மஜ்ஜை முதிராத அணுக்களை அவசரமாக வெளியே தள்ளும். 1938-இல் ரூத் டாரோ, தாயின் ஆன்டிபாடிதான் கருவைத் தாக்குகிறது என்று எழுதினார். தாக்கப்படுவது கருவின் ஹீமோகுளோபின் என்று அவர் நினைத்தது மட்டும்தான் தவறு. வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் குறைவு என்பது என் கருத்து.

லெவின் 1941-இல் பர்ன்ஹாம், காட்சின், வோகல் ஆகியோருடன் இதைக் கணக்காக்கினார். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாரில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆர்எச் நெகட்டிவ். பொதுமக்களிலோ சுமார் 15 சதவீதம்தான். கணவர்களும் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் ஆர்எச் பாசிட்டிவ். தாயிடம் உண்டான ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் சிவப்பணுவை அழிக்கிறது. இதிலிருந்து உடனே கைக்கு வந்த நடைமுறை விதி ஒன்று: ஆர்எச் நெகட்டிவ் பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதே. 1937-இல் நடந்ததற்கு நான்கு ஆண்டு கழித்துக் கிடைத்த விடை.

நான் இதில் ரசிப்பது அந்தத் தொண்ணூறை அல்ல, மிச்சத்தை. ஆர்எச் பாசிட்டிவாக இருந்தும் நோயுற்ற குழந்தை பெற்ற தாய்மாரை விதிவிலக்கு என்று லெவின் ஒதுக்கவில்லை. அவர்களில் ஒருத்தியின் சீரத்தில், ஆர்எச் நெகட்டிவ் அணுக்களைத் திரட்டுகிற எதிர்ப்பக்க ஆன்டிபாடி இருந்தது. ஆர்எச் என்ற எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எச்ஆர் என்று பெயர் வைத்தார். இன்று அதைச் சிறிய சி என்கிறோம். ஆர்எச் என்பது ஒற்றைப் பொருள் இல்லை, ஒரு குடும்பம் என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

அடுத்தடுத்த நோயாளிகள்

1944-இல் லெவின் நியூஜெர்சியின் ராரிட்டனில் ஆர்த்தோ நிறுவனத்தின் ஆய்வு மையத்துக்குப் போனார். 1965 வரை அங்கேயே. நெவார்க்கில் பழகிய முறை மாறவில்லை. யாராவது ஒரு நோயாளியின் சீரம் முரண்டு பிடிக்கும், அதைப் பிடித்துக்கொள்வார்.

1949-இல் ஒரு தாயின் சீரம் ஏறக்குறைய எல்லோருடைய ரத்தத்தையும் திரட்டியது. 99.8 சதவீதம் பேரிடம் இருக்கிற, அவளிடம் இல்லாத ஆன்டிஜென். கெல் என்ற இன்னொரு ரத்தப் பிரிவு அமைப்பின் மறுபாதி. 1951-இல் வயிற்றுப் புற்றுநோயோடு வந்த ஒரு பெண்ணுக்கு எந்தக் கொடையாளரும் பொருந்தவில்லை. சோதனைக்காகச் சிறிதளவு ரத்தம் ஏற்றியதற்கே கடும் எதிர்வினை. அந்த ஆன்டிஜெனுக்கு டிஜே-ஏ என்று பெயர். முதல் எழுத்து, கட்டி என்று பொருள்படும் ட்யூமர் என்ற ஆங்கிலச் சொல்லைக் குறித்தது. நான்கு ஆண்டு கழித்து ரூத் சாங்கர், இது 1927-இல் முயல் காட்டிய அந்தப் பி-யோடு உறவுடையது என்று காட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தப் பெண் 22 ஆண்டுகள் வாழ்ந்தார், புற்று திரும்பவில்லை. எதிர்வினையில் பெருகிய ஆன்டிபாடிதான் மிஞ்சிய புற்றணுக்களை அழித்தது என்று லெவின் நம்பினார், முதுமையிலும் அதைப் பற்றி எழுதினார். ஒரு நோயாளியை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. 1939-இல் ஒரு நோயாளி அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. அந்த ருசி விடவில்லை போலும்.

1955-இல் இன்னொரு குடும்பம். சோதனையில் ஓ என்று காட்டிய ஒரு பெண், தன் குழந்தைக்கு ஏபிஓ-வில் வருகிற பி மரபைக் கடத்தியிருந்தாள். மரபணு இருக்கிறது, ஆனால் வேறோர் இடத்திலுள்ள மரபணு ஜோடி அதை வெளிப்பட விடாமல் மறைக்கிறது. இதே வகை ரத்தத்தை பெண்டேயும் சகாக்களும் 1952-இல் பம்பாயில் கண்டு சொல்லியிருந்தார்கள். ஏ, பி இரண்டும் எச் என்ற அடித்தளத்தின்மேல் கட்டப்படுகின்றன. அடித்தளமே இல்லாதவருக்கு மாடி எழும்பாது. பம்பாய் வகை வெறும் அபூர்வம் இல்லை, ஒரு மரபணு இன்னொன்றை மறைப்பதற்கான பாடம் என்று இந்தக் குடும்பம் காட்டியது.

1943-இல் போட்ட ஒரு விதை

கடைசியாக, லெவின் கவனித்த ஒரு சின்ன விஷயம். ஆர்எச் பொருந்தாத தம்பதிகளின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்று கண்ணில் பட்டது. கணவன் மனைவிக்கிடையே ஏபிஓ-வும் பொருந்தாமல் இருந்தால், ஆர்எச் எதிர்ப்பு உண்டாவது குறைகிறது. இரட்டைப் பொருத்தமின்மை இரட்டிப்புத் தொல்லை அல்லவா தர வேண்டும்? விளக்கம் எளிது. தாய் ஓ, கரு ஏ என்று வைத்துக்கொள்வோம். கருவின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால், அங்கே தயாராக நிற்கும் ஏ-எதிர்ப்பு ஆன்டிபாடி அவற்றை உடனே அழித்துவிடும். ஆர்எச் தாயின் கவனத்துக்கு வருவதற்குள் ஆள் காலி.

1943-இல் எழுதியதை 1956-இல் பின்லாந்தில் நெவன்லின்னாவும் வைனியோவும் உறுதிப்படுத்தினார்கள். இயற்கை ஏ-எதிர்ப்பை வைத்துச் செய்வதை நாம் ஆர்எச் ஆன்டிபாடியையே வைத்துச் செய்தால் என்ன? லிவர்பூலில் ரொனால்ட் ஃபின், சிரில் கிளார்க் குழுவும், நியூயார்க்கில் ஃபிரெடா, கோர்மன், பொல்லாக் மூவரும் தனித்தனியே இந்த வழியில் இறங்கினார்கள். லிவர்பூலில் முதலில் நேரடியாகத் திரட்டும் ரகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது எதிர்ப்பைக் கூட்டிவிட்டது. திரட்டாமல் ஒட்டிக்கொள்கிற மற்ற ரகம்தான் காப்பாற்றியது. அமெரிக்கர்கள் சிங் சிங் சிறையின் தன்னார்வக் கைதிகளிடம் சோதித்தார்கள். பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்ற கெடு, அந்தச் சிறைக்குள் அடிக்கடி போக முடியாத நிலையில் அமைத்த இடைவெளியிலிருந்து வந்தது.

1968-இல் இந்த ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயாரித்தது ஆர்த்தோ. லெவின் அங்கிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டு ஆகியிருந்தது. 1987 வரை வாழ்ந்தார். மருந்துக்கு வேண்டிய பிளாஸ்மாவைத் தொடக்கத்தில் கொடுத்தவர்களில், ஏற்கெனவே எதிர்ப்பு உண்டாகிவிட்ட ஆர்எச் நெகட்டிவ் தாய்மாரும் இருந்தார்கள். 1937-இல் கணவரின் அணுக்களைத் திரட்டிய அந்தச் சீரத்தில் இருந்த ஆன்டிபாடியின் திரட்டாத ரகம், இப்போது அளந்து நிரப்பிய சிறு குப்பிகளில் வேறு பெண்களுக்குப் போனது.